வறுபட மறுத்த வோய்சிக்

"என்னை எவனும் வறுத்தெடுக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே லெனார்ட் வோய்சிக் மாட்டிறைச்சியில் உப்பைத் தேய்த்தார்.

பிட்ஸ்பர்க்கின் அந்தத் தீயணைப்பு நிலையத்தில் அன்று அவருக்குக் கடைசி நாள். ஓய்வு பெறுகிறவரை விருந்தில் நடுவே உட்கார வைத்து ஆளாளுக்கு மானத்தை வாங்குவார்கள். அதற்குப் பெயர் ரோஸ்ட். தட்டில் விழும் இறைச்சிக்கும் அதே பெயர்தான். இரண்டும் நன்றாக வேக வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

வோய்சிக்குக்கு ஒரே பயம். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் இறைச்சியை அடுப்பில் மறந்துபோய், தீயணைப்பு நிலையமே தீப்பிடித்து, பக்கத்து நிலையத்து வண்டி வந்து அணைத்தது. இந்தக் கதை மனைவி ரீட்டாவுக்குத் தெரியாது. வீட்டில் அவர்தான் சமையல் புலி.

போன வருடம் கேப்டன் பிராண்ட் ஓய்வு பெற்றபோது ஒரு கிண்டல்கூட இல்லை, வெறும் பாராட்டு. அந்த மரியாதை தனக்கும் வேண்டும் என்று வோய்சிக் முடிவு கட்டியிருந்தார்.

முதலில் கூட வேலை செய்யும் டுவெய்னைப் பிடித்தார்.

"வாயைத் திறந்தே, பூனையை இறக்கப் போய் நீ மரத்துல மாட்டிக்கிட்டதை உன் மாமியார்கிட்ட சொல்லிடுவேன்."

"அண்ணே, விருந்தே அதுக்குத்தானே?"

"பாராட்டணும். அவ்வளவுதான்."

இப்படி ஒவ்வொருவராக மிரட்டிக்கொண்டு போனார். ஏழாவது ஆளிடம் இருந்தபோது சமையலறையிலிருந்து புகை வந்தது. தீயை அவர்களே அணைத்துவிட்டார்கள். ஆனாலும் அலாரம் அடித்ததில் பக்கத்து நிலையத்து வண்டி வாசலில் வந்து நின்றது, ரீட்டா காரைவிட்டு இறங்கிய அதே நேரத்தில்.

"பயிற்சி" என்றார் வோய்சிக், நெஞ்சை நிமிர்த்தி. வண்டி ஓட்டி வந்த கஸ்ஸின் வாயை அடைக்க அவரையும் பந்தியில் ரீட்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

கரிக்கட்டையாய் இறைச்சி வந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடமை தவறாதவர் என்றார் ஒருவர். சீருடை கசங்காதவர் என்றார் இன்னொருவர். டுவெய்ன் தட்டையே பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு, சிறந்த சமையல்காரர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று வோய்சிக் மனைவியைப் பார்த்தார். ரீட்டாவின் கண்கள் கலங்கியிருந்தன. பெருமைதான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டார்.

கஸ் அவள் பக்கம் குனிந்து ஆறுதலாகச் சொன்னார்.

"மனசைத் தேத்திக்கங்கம்மா. யாருக்கும் பிடிக்காத ஆளை எங்க ஸ்டேஷன்லயும் இப்படித்தான் புகழ்ந்து அனுப்புவோம்."