குமுதாவைக் காணோம்

"அண்ணே, குமுதாவைக் காணோம்னு வருதுலா!"

கோப்பெங் கிளையிலிருந்து வந்த போனைக் கேட்டதும் யுகேந்திரன் அவசரமாகத் திரைப் பக்கம் திரும்பினான்.

கல்யாணங்களுக்குக் கூடாரமும் மேசை நாற்காலியும் வாடகைக்கு விடும் ஈப்போ கம்பெனி அது. அங்கே கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவன் தலையில்தான். சேர்ந்த புதிதில், வாடிக்கையாளர் விவரங்களுக்காக டேட்டாபேஸில் ஒரு டேபிள் செய்தான். குமுதா என்ற பெண்மேல் உயிரையே வைத்திருந்த காலம் அது. டேபிளுக்கும் அவள் பெயரையே வைத்துத் தொலைத்தான். குமுதா வேறொருவனைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டாள். டேபிள் மட்டும் எங்கும் போகவில்லை.

இன்று அதே ஆபீஸில் வேலைக்குச் சேர வருகிறாள் ஷாமினி, அவனுக்கு நிச்சயித்த பெண். அவளுக்கும் டேட்டாபேஸ்தான் தொழில். உட்கார்ந்ததும் டேபிள்களைத்தான் பார்ப்பாள். பார்த்தால் கல்யாணமே நின்றுபோகலாம். ஆகவே காலையில் முதல் ஆளாக வந்து குமுதாவை, வாடிக்கையாளரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'பெலாங்கான்' என்று மாற்றிவிட்டான்.

புரோகிராம்களிடம் சொல்ல மறந்துவிட்டான், பாவம். அவை பழைய பெயரையே தேடின. 'குமுதா இல்லை' என்று எல்லாத் திரைகளிலும் சிவப்பில் எழுதின. அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தவள் இப்போது பேராக் மாநிலம் முழுக்கத் தெரிந்தாள்.

"தம்பி, ஆரது குமுதா?" என்று கேட்டார் முதலாளி சிவானந்தன்.

"ஒண்ணுமில்ல பாஸ். டேபிள ரெண்டா பிரிக்கிறேன், அதான்."

மேசை நாற்காலி ஸ்டோரைப் பார்க்கும் பத்துமலை எட்டிப் பார்த்தார். "வட்ட டேபிளா, நீட்டு டேபிளா? ஸ்பேனர் கொண்டாரவா?"

வாயை விட்டாகிவிட்டது, முதலாளியும் நகரவில்லை. யுகேந்திரன் நிஜமாகவே பிரித்தான். பெயர்கள் பெலாங்கானில் இருக்க, விலாசங்கள் வேறொரு டேபிளுக்குப் போயின. லாரிச் சீட்டு அடிக்கும் புரோகிராமை மட்டும் அவசரமாகப் பெலாங்கானுக்குத் திருப்பினான்.

சற்று நேரத்தில் லாரி டிரைவர் சன்னாசி கூப்பிட்டார். "தம்பி, சீட்டுல ராஜுன்னு மட்டும் இருக்கு. பாகான் செராய்ல எந்த ராஜுலா? கூடாரத்த வயல்லயா எறக்க?"

அந்த நேரம் பார்த்துத்தான் ஷாமினி உள்ளே வந்தாள். சிவப்பு எழுத்தைப் படித்தாள். யுகேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"ஷாமி, அது வைரஸ்..."

"தள்ளுங்க."

அவள் இரண்டு டேபிள்களையும் சேர்த்துக் காட்டும் ஒரு வியூ செய்து, அதற்குக் 'குமுதா' என்றே பெயர் வைத்தாள். லாரிச் சீட்டையும் அதற்கே திருப்பினாள். சிவப்பு மறைந்தது. சன்னாசிக்கு விலாசம் போய்ச் சேர்ந்தது. முதலாளி காப்பி குடிக்கப் போனார்.

"பேர மாத்துனா, பழைய பேர்ல ஒரு வியூ விட்டு வைக்கணும்," என்றாள் ஷாமினி. "புரோகிராம ஒண்ணொண்ணா புதுப் பேருக்குக் கொண்டாரணும். யாரும் பழசத் தேடலன்னு தெரிஞ்சப்புறம்தான் அழிக்கணும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. யுகேந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட பெண்!

"இவ்ளோ பக்குவமா எங்க கத்துக்கிட்ட?"

"பழைய ஆபீஸ்லதான்," என்றாள் ஷாமினி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ரதீசன்ங்கிற டேபிள இப்படித்தான் பேரு மாத்திட்டு வந்தேன். இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியலலா."