‘நீயும் வா’ என்றதற்குப் பதில்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் மனைவி சுகம், மகள் சுகம், குளிர்சாதனப் பெட்டி ரிப்பேருக்குப் பிறகு சுகம், நானும் சுகம். அங்கே தாங்கள், அண்ணி, பிள்ளைகள், பெரியம்மா எல்லோருடைய சுகத்தையும் வேண்டுகிறேன். மேலே ‘நானும்’ என்று எழுதியிருப்பதைத் தாங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதையெல்லாம் கவனிக்கிற ஆளாகத் தாங்கள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தீர்கள். “அம்மாவுக்கு ஞாபகம் ஒண்ணொண்ணா போயிட்டிருக்குடா. முழுசா போறதுக்குள்ள நாங்க எல்லாரும் ஒரு தடவை வீட்டுல ஒண்ணா இருக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். நீயும் வா” என்றீர்கள். நானும் “சரிங்கண்ணா” என்றேன். அது பழக்கதோஷம். போனில் யார் எதைக் கேட்டாலும் எனக்குச் சரிதான். தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் விற்கும் ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள் என்பதற்காக இருமுறை சரி என்று சொல்லி, இப்போது எங்கள் சமையலறையில் இரண்டு மிஷின்கள் எதிரும் புதிருமாகத் தொங்குகின்றன. அதனால்தான் மறுப்பதை எழுத்தில் செய்கிறேன். நான் வரவில்லை. காரணம், நீங்கள் சொன்ன ‘நீயும்’.

சிரிக்காதீர்கள். அச்சகத்தில் புரூஃப் பார்த்தே தலை நரைத்தவன் நான். ‘நீ வா’ என்பது வேறு, ‘நீயும் வா’ என்பது வேறு. ‘நீ வா’ என்றால் நீ இல்லாமல் காரியம் ஆகாது என்று பொருள். ‘நீயும் வா’ என்றால் காரியம் பாட்டுக்கு நடக்கிறது, வண்டியில் ஓரமாக இடம் இருக்கிறது, ஏறிக்கொள் என்று பொருள். அந்த ஓர இடத்தில்தான் நான் வளர்ந்தேன். எங்கம்மா செத்த பிறகு அப்பா என்னை ஒரு பையோடு உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, “ஒரு மாசம் பார்த்துக்கங்க அண்ணி, வேலை கிடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்” என்றார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அவருக்கு வேலை கிடைத்ததா என்று இன்றுவரை தகவல் இல்லை. காலேஜ் முடிக்கிறவரை நான் அந்த வீட்டில் ஒரு மாசத்துக்கு வந்த பையனாகவே இருந்தேன். என் பை கதவுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பிரித்து அலமாரியில் அடுக்கு என்று யாரும் சொல்லவில்லை, அடுக்காதே என்றும் யாரும் சொல்லவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் பெரியம்மா உங்கள் மூவரையும் காட்டி, “இவன் பெரியவன், இவன் நடுவுள்ளவன், இது கடைக்குட்டி” என்பாள். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு கணம் யோசித்துவிட்டு, “இவனும் இங்கதான் இருக்கான்” என்பாள். வந்தவர்களும் சுவரில் கடிகாரம் இருப்பதைக் கேட்டுக்கொள்வதுபோல் தலையாட்டுவார்கள்.

உடனே நன்றிகெட்டவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாப்பாட்டில் குறை வைத்தார்களா? இல்லை. துணிமணியில்? இல்லை. பெரியம்மா நாலு தட்டில் ஒரே அளவு போடுவாள், என் தட்டில் ஒரு கரண்டி கூடவே விழும். உங்களுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். திட்டு. விளையாடிவிட்டு நேரம் கழித்து நாம் நாலு பேரும் வந்தால், “சாப்பிட வந்து தொலைங்கடா! எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்துறது! எருமைங்களா!” என்று தெருவே கேட்கக் கத்துவாள். அது உங்கள் மூவருக்கு. கத்தி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, அதே வாயால், ஆனால் வேறு யாரோ பேசுவதுபோல் என்னிடம், “நீயும் வாப்பா” என்பாள். நான் எருமையாக இருக்க எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. வேண்டுமென்றே சோற்றைச் சிந்திப் பார்த்தேன். செருப்பை உள்ளே போட்டுக்கொண்டு நடந்து பார்த்தேன். “பரவாயில்லப்பா” என்று அவளே குனிந்து துடைத்தாள். அன்றைக்கு நான் பாத்ரூமில் போய் அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று நடுவுள்ளவன் கேட்டதற்கு, கண்ணில் சோப்பு என்று சொன்னேன்.

கண்ணாடி உடைந்த கதை உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. எதிர்வீட்டு ஜன்னல். நாலு பேரும் சேர்ந்து ஆடின ஆட்டம், பந்தை அடித்தது யார் என்று நமக்கே தெரியாது. பெரியப்பா மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு வரிசையாக நிற்கவைத்தார். உங்களுக்கு உள்ளங்கையில் இரண்டு, நடுவுள்ளவனுக்கு இரண்டு, கடைக்குட்டிக்குப் பெண் பிள்ளை என்று ஒன்று. கடைசியில் நான். கையை நீட்டிவிட்டேன் அண்ணா. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நன்றாகவே நீட்டினேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் ஸ்கேல் ஓங்கினபடியே மேலே நிற்கிறது, பெரியப்பா சமையலறைப் பக்கம் பார்க்கிறார், அங்கே பெரியம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். “சரி, நீ போ. போய்க் கைகால் கழுவிட்டு நீயும் சாப்பிடு” என்றார். நீட்டின கையை எப்போது மடக்குவது என்று தெரியாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் வீங்கின கையை ஊதிக்கொண்டே வந்து, “உனக்கென்னடா, நீ குடுத்து வச்சவன்” என்றீர்கள். அந்த வார்த்தைக்கு இன்னும் உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

அதெல்லாம் சின்ன வயசுச் சமாச்சாரம், இப்போது என்ன என்று கேட்பீர்கள். இப்போது என்னவா? என் பெயரில் உள்ள வீட்டுக்கு, சட்டைப்பையில் சாவியை வைத்துக்கொண்டு, தினமும் நான் பெல் அடிக்கிறேன். என் மனைவி கதவைத் திறந்து, “யாரைப் பாக்கணும்?” என்று கேட்பாள். கல்யாணமான புதிதில் அது கேலி. இப்போது அலுப்பு. எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் சாப்பிட உட்காருகிறேன், நாற்காலியிலும் பாதியில்தான் உட்காருகிறேன், “நானும் சாப்பிடட்டுமா?” என்று கேட்டுவிட்டு மகளிடம் முறைப்பு வாங்குகிறேன். போன மாதம் மகள் பட்டம் வாங்கினாள் என்று ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்கப் போனோம். மனைவி, மகள், மனைவியின் தங்கை குடும்பம், அப்புறம் நான். போட்டோக்காரர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “சார், நீங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க. முதல்ல ஃபேமிலிய மட்டும் ஒண்ணு எடுத்துடறேன்” என்றார். அவர்மேல் தப்பில்லை, நான் நின்ற தினுசு அப்படி. தப்பு என்னவென்றால், நான் தள்ளி நின்றேன். “சரிங்க” என்று வேறு சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் எல்லாருடைய கைப்பைகளையும் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். பேச்சும் வெளிச்சமுமாக இருந்த இடத்தில் மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. படம் சட்டம் போட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் மனைவி தேடினாள். “இதுல நீங்க எங்கங்க?” என்றாள். பைகள் பத்திரமாக இருந்தன அல்லவா என்றேன்.

வேலையிலும் இந்த வியாதி விடவில்லை. ஒரு பெரிய கம்பெனி தன் ஆண்டு விழாவுக்கு அறிவிப்பு அச்சடிக்கக் கொடுத்திருந்தது. மொட்டை மாடியில் விருந்து, நேரம், இடம் எல்லாம் போட்டு, கீழே ஒரு வரி: ‘காவலாளிகளும் கலந்துகொள்ளலாம்.’ இரவு பகல் வாசலில் நிற்கிற மனிதர்களுக்கு இப்படி ஓர் அழைப்பா? பேனாவை எடுத்து அந்த ‘உம்’மை அடித்துவிட்டேன். ‘காவலாளிகள் கலந்துகொள்ளலாம்’ என்று அச்சாகி, எல்லா மாடியிலும் ஒட்டியும் விட்டார்கள். அதிகாரிகள் அதைப் படித்துவிட்டு, ஓஹோ, விருந்து இந்த வருடம் காவலாளிகளுக்கா, நமக்கு மரியாதை அவ்வளவுதானா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒருவர் விடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காவலாளிகள் மட்டும் வந்து, தோரணம் கட்டிய மாடியில், முதலாளிக்குப் போட்ட சோபாவில் உட்கார்ந்து, மொத்தச் சாப்பாட்டையும் நிதானமாகச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டும் போனார்கள். நான் பார்த்த புரூஃபிலேயே எனக்குத் திருப்தி தந்தது அதுதான். மறுநாள் அச்சக முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “ஏன் சார், அந்த ‘உம்’ உங்கள என்ன பண்ணுச்சு?” என்று கேட்டார். எங்கிருந்து ஆரம்பித்து அவருக்குச் சொல்வது? எழுத்துப் பிழை என்று நினைத்தேன் சார் என்றேன். அவர் நல்ல மனிதர். அவராவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், “போய் டீ சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டார்.

இப்போது உண்மையான காரணத்துக்கு வருகிறேன். பெரியம்மாவுக்கு ஒவ்வொருவராக மறந்துகொண்டு வருகிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கடைக்குட்டியின் வீட்டுக்காரரைப் பார்த்து, “என்னப்பா, குழாய் சரியாயிடுச்சா?” என்று கேட்டாளாம். அவரும் சங்கடப்பட்டுக்கொண்டு, “ஆயிடுச்சுங்க” என்று சொன்னாராம். நீங்கள் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளையே குழாய்க்காரர் ஆகிவிட்டால், அடுத்து யார்? வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவன்தான் முதலில் விழுவான். நான் அங்கே வந்து நிற்பேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உங்களிடம், “இது யாரு?” என்று கேட்பாள். இத்தனை வருடமும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. எல்லாரும் நாகரிகமாக விழுங்கிவைத்திருந்த கேள்வி. அதை அவள் வாயால் கேட்டுவிட்டால், அதற்கப்புறம் என்னால் ‘அது அவளுக்கு உடம்பு சரியில்லாததால்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. ஐம்பத்து நாலு வயசு ஆள் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. நீங்கள் மூவரும் உங்கள் அம்மாவோடு இருங்கள். நான் வராதது அங்கே யார் கண்ணிலும் படாது. கேட்டால் வேலை என்று சொல்லிவிடுங்கள், கேட்க மாட்டார்கள்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்களை அடிக்கடி திட்டவும். கடைக்குட்டியின் வீட்டுக்காரருக்கு என் அனுதாபங்கள். பெரியம்மாவின் காலில் விழுந்து கும்பிட்டதாகச் சொல்லவும், யார் கும்பிட்டது என்று சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டிலும் இருந்த
தம்பி

பின்குறிப்பு: அண்ணா, கவரை ஒட்டியாகிவிட்டது, அதைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். தபாலில் போட வாசல்வரை போனேன், போன் அடித்தது. வீட்டு நம்பர். பெரியம்மா. யார் போட்டுக் கொடுத்தார்களோ, இல்லை அவளே எதையாவது அழுத்திவிட்டாளோ தெரியவில்லை. நான் ஹலோ சொல்வதற்குள், “டேய் பெரியவனே! எங்கடா போய்த் தொலைஞ்ச? மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி அத்தனையும் கெடக்கு, அறிவிருக்கா உனக்கு? எத்தனை தடவைடா கத்துறது? வந்து தொலைடா எருமை!” என்றாள். காதே அடைத்துவிட்டது. நான் பெரியவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். “வரேம்மா” என்றுதான் வந்தது. “வரேன் வரேன்னு சொல்றதுக்கு மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல” என்று போனை வைத்துவிட்டாள். ஊருக்குக் கிளம்ப என் சட்டைகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன், இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நான் அங்கே இருப்பேன். யாரென்று தெரியாததால்தான் அவள் திட்டினாள், தெரிந்திருந்தால் திட்டியிருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். நான் வந்து நிற்கும்போது அவள் என்னை நீ என்று நினைத்துக்கொண்டால் தயவுசெய்து திருத்தாதே. உனக்கு அவளிடம் வாங்கின திட்டு ஆயுசுக்கும் இருக்கிறது, இந்த ஒன்று என்னிடம் இருந்துவிட்டுப் போகட்டும்.