ஒரு லயம் மரபுச் சின்னமாக இருந்த அரை மணி நேரம்

கூரை ஒழுகுவதற்குப் பிரித்தானியப் பேரரசிடம் விளக்கம் கேட்டு எழுதிய ஒரே மனிதர், இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் பெட்டிசம்தான். 'கட்டினது அவங்கதானே?' என்பது அவர் வாதம். பெட்டிசம் என்றால் மனு; எழுதி எழுதியே அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயரை அவரே யோசித்துத்தான் சொல்வார். பதுளை அரசாங்க அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் அவருடைய மனுக்களைப் பதிந்து, எண்ணிட்டு, உரிய கோப்பில் அடக்கம் செய்தவன் நான்.

நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பசறையில் என் வீட்டு வாசலில் நின்றார்.

"ஓய்வு ஒங்களுக்குத்தாங்க ஐயா. எனக்கு இன்னும் ஒழுகுது."

கையில் புது மனு. தோட்டத்துத் துரை பங்களாவை மரபுச் சின்னமென்று அறிவித்து, ஓடு மாற்றியிருந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைக் கட்டியதும் அதே வெள்ளைக்காரர்கள், அதே ஆண்டு. ஆகவே லயமும் மரபுச் சின்னம். அதற்கும் கூரை வேண்டும். விதிப்படி மறுக்க வழியே இல்லாத மனு. யாருக்கு, எத்தனை பிரதிகள் என்று சொல்லித் தொலைத்தேன்.

கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தேவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போய், தன் ஒற்றையறைக் காம்பராவை அரண்மனை போலச் சுற்றிக் காட்டினார் பெட்டிசம். சுற்ற இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது.

"பத்தடிக்குப் பன்னெண்டு சார். பங்களாவ ஆறு தடவ மாத்திக் கட்டிட்டாங்க. இங்க ஒரு ஆணியக்கூட மாத்தல. எது சார் அசல்?"

அதிகாரி உருகிப்போனார். "நீங்க சொல்றது சரி. அறிவிச்சிடலாம். அதுக்குப் பிறகு யாரும் எதையும் தொட முடியாது. அதே காலத்துத் தகரம் கிடைச்சா மட்டும் கூரைய மாத்தலாம்."

அடுத்த காம்பரா ராக்கு எட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஒங்க மரபு என் சோத்துச் சட்டியிலதான் ஊத்துது. அந்தக் காயிதத்தத் திருப்பி வாங்குங்க."

பெட்டிசம் என்னைப் பார்த்தார். "திருப்பி வாங்க என்ன பாரம் ஐயா?"

"அப்படி ஒரு படிவம் இல்லை" என்றேன்.

பெட்டிசம் பெஞ்சில் ஏறி, கூரையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கினார்.

"இப்ப அசல் இல்ல சார்."

தகரம் சரிந்தது. நூறு வருட அடுப்புப் புகைக்கரி அதிகாரியின் தலையில் இறங்கியது. கண்களை மட்டும் துடைத்துக்கொண்டு அவர் எழுதினார்: 'குடியிருக்கத் தகுதியற்றது. கூரையை உடனே மாற்றவும்.'

புதுத் தகரம் வந்தபின், பெட்டிசம் வாடிய முகத்தோடு மறுபடி என் வாசலில் நின்றார்.

"கூரை வந்திருச்சுங்க. மனு தோத்துப்போச்சே."

"மேல் லயம் இன்னும் ஒழுகுகிறதே, எழுதுவோம். உட்காருங்கள்" என்றேன்.

முப்பது ஆண்டுகளில் அவரை நான் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.