சின்னக்கொல்லை மாப்பிள்ளை பட்டினி கிடந்த கதை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டே முக்கால் மணிக்கு நான் அந்த மாபெரும் முடிவை எடுத்தேன். போராட்டத்தை ஒழித்துக்கட்டுவது!

அவசரப்பட்டு என்னை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். போராட்டம் நியாயமானதுதான். எனக்கே அதில் சந்தேகம் இல்லை. அது என் வீட்டு ஹாலில் நடக்கிறது என்பதுதான் என் ஆட்சேபம்.

நான் சேவியர்ராஜ். நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவு. இருபது வருஷ சர்வீஸ். மைன்ஸில் பர்மனென்ட், வீட்டில் காண்ட்ராக்ட். என்னை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற நிபந்தனையின்பேரில் மனைவி செசிலியா வைத்துக்கொண்டிருக்கிறாள்.

செசிலியா பிறந்த ஊர் சின்னக்கொல்லை. மந்தாரக்குப்பம் தாண்டி எட்டு கிலோமீட்டர். நூற்றைம்பது வீடு, முந்திரிக்காடு, பலா மரங்கள், ஓர் ஏரி. அந்த ஏரிக்கரையில்தான் தனகோட்டி என்ற பண்ருட்டி முதலாளி, முந்திரித் தோலில் எண்ணெய் எடுக்கும் ஆலை கட்ட வந்தார். அந்த எண்ணெய் கையில் பட்டாலே தோல் வெந்துபோகும். ஏரியில் கலந்தால்? ஆடு மாடு குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான், நெல் விளைவதும் அந்தத் தண்ணீரில்தான்.

ஊராட்சித் தலைவர் சாமிக்கண்ணு, ஆலைக்கு ஆட்சேபம் இல்லை என்று தீர்மானம் போட்டுக் கொடுத்துவிட்டார். ஊர் ஆண்களில் பாதிப்பேர் ஆலையில் வேலை கிடைக்கும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். மீதிப்பேர், அந்தப் பாதிப்பேர் பேசாததால் பேசவில்லை. கடைசியில் பெண்கள் கிளம்பினார்கள். தலைவி, என் வீட்டுக்காரி.

சின்னக்கொல்லைப் போராட்டத்துக்குச் சின்னக்கொல்லையில் இடமா இல்லை என்று கேட்பீர்கள். இடம் இருந்தது. கரண்ட் இல்லை. இது 2013. தமிழ்நாடே இருட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த வருஷம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மட்டும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே பதினாலு பெண்கள் தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மனு எழுதினார்கள். அப்படியே பிளக் பாயிண்டுகளில் பன்னிரண்டு செல்போன்களைத் தொங்கவிட்டார்கள். வந்ததுதான் வந்தோமே என்று அரிசியும் உளுந்தும் கொண்டுவந்து என் வீட்டு கிரைண்டரில் மாவும் ஆட்டினார்கள். "ஆலையை விரட்டுவோம்" என்ற கோஷத்துக்கு கிரைண்டர்தான் தாளம்.

என் சாய்வு நாற்காலியில் கனகம் அக்கா உட்கார்ந்திருந்தார். சின்னக்கொல்லையில் அவர் சொன்னால் மாடுகூட எழுந்து நிற்கும். நான் எந்த மூலை? நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, சமையலறையில் கேஸ் சிலிண்டருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

"செசிலி, சாப்பாடு?"

"கலெக்டருக்கு மனு எழுதிக்கினு இருக்கேன். சித்த பொறுங்க."

"மணி ரெண்டே முக்கால்."

"அப்போ அதையும் மனுவுல சேர்த்துக்கலாமா?"

பதினாலு பேரும் சிரித்தார்கள். கனகம் அக்கா சிரித்த சிரிப்பில் என் நாற்காலி கிறீச்சிட்டது. அப்போதுதான் முடிவெடுத்தேன்.

நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். கருப்பசாமி கோவில்பட்டிக்காரர். என்னோடு அதே பெல்ட் பிரிவு. வீட்டில் அவரும் காண்ட்ராக்ட்தான். அவருடைய முதலாளி புஷ்பவல்லி உள்ளே இருந்ததால் குரலைத் தாழ்த்திப் பேசினோம்.

"அண்ணாச்சி, எதிர்த்து நின்னா ஜெயிக்க முடியாது. கூடச் சேர்ந்து கவுக்கணும்," என்றார் கருப்பசாமி.

"எப்படிக் கவுக்கிறது?"

"நா ஒண்ணு சொல்லுதேன். உண்ணாவிரதம் இருக்கச் சொல்லுங்க! ஒங்க வீட்டு ஹால்ல எந்நேரமும் முறுக்குச் சத்தம் கேக்குது. சோறு தண்ணி கிடையாதுன்னு சொல்லிப் பாருங்க. ஒரு நாள்ல கூட்டம் கலைஞ்சிரும்."

எனக்குப் புல்லரித்தது. இந்த மூளையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் பெல்ட்டில் கரி அள்ளுகிறாரே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

திரும்பி வந்து ஹால் நடுவில் நின்றேன். தொண்டையைச் செருமினேன்.

"தாய்மார்களே! மனு எழுதினா குப்பைக்குத்தான் போகும். உண்ணாவிரதம்! ஏரிக்கரையில, காலவரையற்ற உண்ணாவிரதம்! அப்பத்தான் அரசாங்கம் நடுங்கும்!"

முறுக்குச் சத்தம் நின்றது. வெற்றி என்று நினைத்தேன். கனகம் அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னா மாப்ள, தெரியாத மாதிரி பேசறீங்க? இது தவக்காலம். லிடியா, சோபியா எல்லாம் ஒரு வேளை சோத்தோட ஒருசந்தி இருந்துகினுதான் வருதுங்க. எங்க பக்கம் அம்மனுக்கு வெள்ளிக்கெழமை வெரதம். இந்த முறுக்கு எல்லாம் உங்க வூட்டுல ஆட்டற மாவுக்குக் கைமாறா உங்களுக்குக் கொண்டாந்தது. உடைச்சு டப்பாவுல போட்டுக்கினு இருந்தோம்."

நான் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலும் பூசிக்கொண்டவன். தவக்காலத்தில் இருக்கும் பெண்களிடம் போய்ப் பட்டினியைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறேன்!

செசிலியா எழுந்தாள். அவள் முகத்தில் ஓர் அமைதி தெரிந்தது. கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் அந்த அமைதி எனக்கு நன்மை செய்ததே இல்லை.

"நல்ல யோசனைதாங்க. ஆனா பொம்பளைங்க பட்டினி கெடந்தா யாரு திரும்பிப் பாப்பாங்க? தெனமும் கெடக்கறதுதான். ஆம்பளை பட்டினி கெடந்தாத்தான் சேதி."

"அப்ப ஊர் ஆம்பளைங்களைக் கேளேன்."

"அவங்க கெடந்தா அவங்க பொண்டாட்டிங்களுக்குத்தான் கவலை. ஊருக்கு மாப்பிள்ளை பட்டினி கெடந்தா?"

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சின்னக்கொல்லையில் மாப்பிள்ளை என்றால் செசிலியா வீட்டுக்கு மட்டும் மாப்பிள்ளை இல்லை. ஊருக்கே மாப்பிள்ளை. நான் தெருவில் நடந்தால் நாலு வீட்டில் இலை போடுவார்கள். மாப்பிள்ளை வெறும் வயிற்றோடு ஊர் எல்லையைத் தாண்டினான் என்றால் அடுத்த ஊர்க்காரன் பத்து வருஷம் சொல்லிச் சிரிப்பான். எந்த அடுப்பும் நிம்மதியாக எரியாது. செசிலியா வருகிற வெள்ளிக்கிழமையே நாள் குறித்துவிட்டாள்.

"எனக்கு வெள்ளிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்!" என்றேன். எவ்வளவு பெரிய கேடயம்!

"கருப்பசாமி அண்ணன் பார்த்துக்கறாராம். நீங்க சனிக்கிழமை அவரு ஷிஃப்ட்டைப் பார்த்துக்குங்க. புஷ்பவல்லி அப்பவே பேசி வச்சிட்டா."

"அப்பவேன்னா எப்ப?"

"கனகம் அக்கா, பேனர்ல என்னா எழுதலாம்?" என்று செசிலியா அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில், வேப்பமரத்தடியில், என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேல் பேனர்: "சின்னக்கொல்லை மாப்பிள்ளை உண்ணாவிரதம்." கீழே என் போட்டோ. கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தது. அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை, என் மாமியார். மருமகன் முகம் வாடினால் தாங்க மாட்டார். எப்படியும் தூக்குவாளியோடு ஓடி வருவார். மாமியார் வரவேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்ட முதல் மருமகன் நானாகத்தான் இருப்பேன்.

"அத்தை எங்கே செசிலி?"

"வேளாங்கண்ணிக்கு நடந்து போற கூட்டத்தோட அனுப்பிட்டேன். நேத்தே."

இரண்டாவது ஏற்பாடாகக் கால்சட்டைப் பையில் கைப்பிடி வறுத்த முந்திரி வைத்திருந்தேன். கையை விட்டுப் பார்த்தேன். பையில் ஜெபமாலை இருந்தது.

ஒன்பது மணிக்குப் பண்ருட்டி பஸ் நின்றது. ஜன்னலில் இருந்து ஒருவர் கேட்டார்.

"என்னாய்யா கூட்டம்?"

"இந்த ஊரு மாப்பிள்ளை பட்டினி கெடக்கறாரு!" என்றார் கனகம் அக்கா. விஷயம் முழுவதையும் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அடப்பாவமே! ஒரு வாய் சோறு போடக்கூடவா இந்த ஊருல ஆள் இல்ல?"

பஸ் அந்தச் செய்தியோடு கிளம்பியது. பத்து மணி பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பதினொரு மணி பஸ்ஸில் வந்தவர், நான் மூன்று நாளாகப் பட்டினி கிடப்பதாகச் சொன்னார். பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஒரு கிழவர் என் ஆத்மா சாந்தியடையச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆலையில் வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தவர்கள். தலையைச் சொறிந்தார்கள்.

"மாப்ள, எங்க வூட்டுல வந்து ரெண்டு இட்லி…"

"தொடாதீங்க!" என்றாள் செசிலியா. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். என் கை நீண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

ஒரு மணிக்குச் சாமிக்கண்ணு வந்தார். வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். அவர் பெண்ணைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. கையில் ஒரு சொம்பு மோர். இஞ்சி, கொத்தமல்லி, பெருங்காயம். காற்று என் பக்கமாகத்தான் வீசியது.

"மாப்ள, ஒரு மடக்கு. எம் மானத்தைக் காப்பாத்துங்க."

"தீர்மானத்தை ரத்து பண்ணுங்க, பெரியப்பா. உடனே குடிப்பாரு," என்றாள் செசிலியா.

"அதெல்லாம் சட்டப்படி…"

"அப்ப ஞாயித்துக்கெழமை வரைக்கும் இவரு இங்கியேதான். சம்பந்தி வூட்டுக்காரங்க இந்த வழியாத்தான வரணும்? மாப்பிள்ளைங்களை இந்த ஊருல எப்படி வச்சிருக்கோம்னு அவங்களும் பாக்கட்டும்."

சாமிக்கண்ணு சொம்பைப் பின்னுக்கு இழுத்தார். சொம்பிலிருந்து ஒரு சொட்டு மோர் என் புறங்கையில் விழுந்தது. அதை நக்கினேனா இல்லையா என்பது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும்.

அவர் ஊராட்சி உறுப்பினர்களைச் செல்போனில் கூப்பிட்டார். இரண்டு பேர் போனில் சார்ஜ் இல்லை. அவர்கள் வீட்டுக்கே ஆள் ஓடியது. மூன்றரை மணிக்கு வேப்பமரத்தடியிலேயே கூடி, ஆலைக்குக் கொடுத்த தீர்மானத்தை ரத்து செய்து எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கனகம் அக்கா அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என் வாயில் மோரை ஊற்றினார். ஊரே கை தட்டியது. ஏரியில் இறங்கிய எருமைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. நானா இதைக் காப்பாற்றினேன்! இந்த ஊர் எனக்கு இலை போட்ட ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அன்று கடன் தீர்ந்ததுபோல் இருந்தது.

பெருமையோடு குவார்ட்டர்ஸ் திரும்பினேன். கருப்பசாமி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு யோசனை சொல்லி என்னைக் கொன்னுட்டீரே! ஆனாலும் ஒம்ம மூளையே மூளை!" என்றேன்.

அவர் வீட்டுக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"என் மூளையா? அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா புஷ்பாகிட்ட சொல்லி, புஷ்பா என்கிட்ட சொல்லி, ஒங்க காதுல போடச் சொன்னாக. நீங்களா வந்து கேக்குத வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு."

நான் நேரே உள்ளே போய்ச் சமையலறையில் என் பாயை விரித்தேன். 

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடு மாறியிருந்தது. ஹாலில் கூட்டம் இல்லை. கிரைண்டர் சத்தம் இல்லை. என் நாற்காலியைத் துடைத்து ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருந்தாள் செசிலியா. பன்னிரண்டரை மணிக்கே இலை. சாம்பார், வத்தக்குழம்பு, பலாமூசுப் பொரியல், அப்பளம், பாயசம். பாதிச் சாப்பாட்டில்தான், வராண்டாவில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன்.

"யாரு அது?"

"எங்க அம்மா பொறந்த ஊர்லேருந்து வந்திருக்காங்க. அந்தத் தனகோட்டி இப்ப அவங்க ஏரிக்கரையில எடம் பாக்கறாராம்."

"ஐயையோ! பாவம். அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

"எங்க அம்மா பொறந்த ஊருன்னா அங்கியும் நீங்க மாப்பிள்ளைதான?"

இலையை மூடப் போனேன். செசிலியா பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணமான புதிதில் பரிமாறுவதுபோல், இலையில் இன்னொரு கரண்டி சாதம் போட்டு நெய் ஊற்றினாள்.

"நல்லா சாப்பிடுங்க. வியாழக்கிழமை வரைக்கும் ஒரு கொறையும் வைக்க மாட்டேன்."