டபுள் எக்ஸெல் படகு

தெரியாது என்று சொல்லத் தெரியாதவனை எங்கள் பனியன் ஏற்றுமதித் தொழிலில் மெர்ச்சண்டைசர் என்பார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் திருப்பூரில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் அந்த வேலையில் நான் இருந்தேன். அப்போது சோதனைக் காலம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. (ஆங்கிலம் மட்டும் நிரந்தரமாகிவிட்டதாக எனக்கொரு நினைப்பு.)

எங்களிடம் பனியன் வாங்கும் டென்மார்க் பையருக்கு வயது எழுபத்தாறு. ஒருமுறை வந்தவர், பேட்டர்ன் அறையில் டி-ஷர்ட் வரைபடத்தின் கோடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிளாட்டரில் முழு அளவில் அச்சிடுவதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு பைக்குள்ளிருந்து ஈரக்கறை படிந்த ஒரு தாளை எடுத்தார். அவருடைய அப்பா கட்டிய பாய்மரப் படகின் வரைபடம். வரைந்தவர் இறந்துவிட்டார், படகுத்துறையையும் மூடிவிட்டார்கள். மிஞ்சியது இந்த ஒரு தாள். படகின் விலாச் சட்டங்கள் உளுத்துவிட்டன. புதிதாக வெட்ட முழு அளவு வரைபடம் வேண்டும். சாவதற்குள் ஒருமுறை அந்தப் படகை ஓட்டிவிட வேண்டும் என்றார்.

“தாராளமா பண்ணலாமுங்க” என்றார் முதலாளி. “நம்ம பேட்டர்ன் மாஸ்டர் அருள்ராஜ் தூத்துக்குடிப் பக்கமுங்க. கப்பலெல்லாம் அவருக்குச் சாதாரணம்.”

நான் அதை ஆங்கிலத்தில் இன்னும் பெரிதாக்கிச் சொன்னேன்.

அருள்ராஜ் அன்று சாயங்காலம் என்னிடம், “தம்பி, எங்க ஊரு சாத்தான்குளம் தேரிக்காடு. குடிக்கத் தண்ணியே லாரியிலதான் வரும். நான் எங்க கப்பலக் கண்டேன்?” என்றார்.

தாளின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அதற்கு இருபுறமும், வெங்காயத்தை வெட்டினால் தெரிவதுபோல, ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்தைந்து வளைகோடுகள். எனக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. ஒரு டி-ஷர்ட்டின் எல்லா அளவுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தால் இப்படித்தான் இருக்கும்.

“சைஸ் செட்டுங்கண்ணா” என்றேன். “உள்கோடு ஸ்மால். வெளிக்கோடு டபுள் எக்ஸெல்.”

“படகுக்கு எதுக்கு தம்பி சைஸு?”

“வெள்ளைக்காரன் அப்படித்தானுங்க.”

அவர் அடிக்கோலை வைத்து அளந்தார். “எடது பக்கம் குண்டா இருக்கு, வலது பக்கம் ஒல்லியா இருக்கு. என்னமோ சரியில்ல. அந்த ஐயாவுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்ருங்களேன்.”

கேட்டால் நமக்குத் தெரியாது என்று பையருக்குத் தெரிந்துவிடுமே. “பழைய பேப்பருங்கண்ணா, ஈரத்துல இழுத்திருக்கும். துவைச்ச பனியன் முறுக்கிக்கிறதில்லையா? நடுவுல மடிச்சு ரெண்டு பக்கத்தையும் சமம் பண்ணிடுங்க.”

அவர் சமம் செய்தார். ஐந்து வடிவங்கள் அச்சாகி வந்தன. மூலைகளில் எஸ், எம், எல் என்று நானே அழகாக எழுதி கூரியரில் அனுப்பினேன்.

நான்கு மாதம் கழித்து டென்மார்க்கிலிருந்து மெயில் வந்தது. அந்தத் தாளில் இடது பாதி படகின் பின்பக்கமாம். வலது பாதி முன்பக்கமாம். ஒவ்வொரு கோடும் படகின் ஒவ்வோர் இடத்து வெட்டுமுகம். படகின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் பாதி வரைந்தால் போதும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். (நாமும் டி-ஷர்ட்டின் முன்பாகத்தைப் பாதிதான் வரைவோம். அது எனக்குத் தோன்றவில்லை.) எஸ், எம் என்றிருந்ததை இந்தியக் கணக்கு என்று நம்பி, தச்சர்கள் ஒவ்வொரு வடிவத்தையும் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று வெட்டியிருக்கிறார்கள். சட்டங்களை வரிசையாக நிறுத்திய பிறகுதான், முன்னும் பின்னும் ஒன்றுபோலிருந்த படகு எந்தப் பக்கம் போகும் என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

மெயிலின் கடைசி வரிகளில் கோபம் இல்லை. அப்பா இந்தப் படகுக்கென்றே காயவைத்திருந்த ஓக் மரம் தீர்ந்துவிட்டது; படகு ஆசையை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “யாருங்க இதப் பண்ணுனது?”

“பேட்டர்ன் மாஸ்டருங்க” என்றேன்.

அருள்ராஜ் என்னைப் பார்த்தார். “ஆமா சார், நான்தான் வரைஞ்சேன்” என்றார்.

அந்த வாரத்தோடு அவருக்கு வேலை போயிற்று. அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டபடி, “ஒரு மெயில் போட்டிருக்கலாம், தம்பி” என்றார். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று.

கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டில் எல்லோரையும் சிரிக்கவைக்க இந்தக் கதையைச் சொன்னேன். முன்பின் தெரியாத படகைச் செய்தவர் அருள்ராஜ். நான் கதையில் வெறும் சாட்சி. சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அன்றிலிருந்து கோணலாகிப்போன எதற்கும் எங்கள் குடும்பத்தில் அவர் பெயர்தான். கை நீளமாகிப்போன ஜாக்கெட் அருள்ராஜ் ஜாக்கெட். வட்டம் வராத சப்பாத்தி அருள்ராஜ் சப்பாத்தி.

என் மகள் அதை ஏதோ ஊர்ச்சொல் என்றே நினைத்திருக்கிறாள். ஓர் ஆளின் பெயர் என்று போன மாதம்தான் அவளுக்குத் தெரிந்தது.

“அப்படி ஒருத்தரு நெசமாவே இருந்தாருங்களாப்பா? அவ்வளவு மக்கா?”

“ம்” என்றேன்.