மைக்கில் பறந்த விமானம்

விமானம் எப்படிப் பறக்கிறது என்று உண்மையிலேயே தெரிந்தவர்கள் அதைப் பற்றி அடக்கமாகத்தான் பேசுவார்கள். நான் வடக்கனந்தல் ஊர் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் பேசியவள்.

அப்போது விமானப் பொறியியல் கடைசி வருடம். மூக்கை எவ்வளவு செங்குத்தாகத் தூக்கினாலும் தடுமாறாத ஒரு குட்டி ரிமோட் விமானம்தான் என் புராஜெக்ட். எட்டு மாதம் தெர்மாகோலைச் சீவிச் சீவிச் செய்தது. திங்கட்கிழமை தேர்வாளர் முன்னால் பறக்க வேண்டும். முந்தைய நாள், மாமாவின் அறுவடை முடிந்த சோளக்கொல்லையில் ஒத்திகை.

ஒரே ஒரு சிக்கல். நினைத்த அளவுக்கு மூக்கு நிமிரவில்லை. இறக்கையைத் திருத்த மூன்று வாரம் ஆகும். பேட்டரியை நான்கு விரற்கடை பின்னால் தள்ள மூன்று நிமிடம். தள்ளினேன். ("எடை பின்னால போனா மூக்கு சுலபமா தூக்கும்மா, திரும்ப எறங்காது" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். பாவம், முப்பது வருடம்தான் பாடம் நடத்துகிறார், அவருக்கு என்ன தெரியும்!)

கொல்லைக்குப் போனால் பிளாஸ்டிக் சேர், நாலு திசைக்கும் குழாய் ஸ்பீக்கர், ஓரமாக அண்டா நிறைய கேசரி.

"இன்னா மாமா இதெல்லாம்?"

"எங்க அக்கா பொண்ணு பிளேன் வுடுது, ஊருக்குத் தெரிய வேணாமா? ரெண்டு வார்த்த பேசு பாப்பா."

ரெண்டு வார்த்தை இருபது நிமிடம் ஓடியது. மற்ற விமானங்கள் ரொம்ப நிமிர்ந்தால் இறக்கை மேல் ஓடும் காற்று பிய்ந்துவிடும், அந்தக் கலங்கிய காற்றில் வால் மாட்டினால் மூக்கை இறக்கவே முடியாது, என் விமானத்துக்கு அந்த வியாதியே வராது என்றெல்லாம் அளந்தேன். கை இரண்டும் ரிமோட்டுக்கு வேண்டுமே என்று துப்பட்டாவில் குத்திய வயர்லெஸ் மைக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

விமானம் கல்வராயன் மலையைப் பார்த்து அழகாகக் கிளம்பியது. மூக்கைத் தூக்கினேன். தூக்கியது. என்னைக் கேட்காமல் இன்னும் தூக்கியது. ஜனம் கைதட்டியது. நான் ரிமோட் குச்சியை உடையும் அளவுக்கு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். வால் சட்டை செய்யவில்லை. அந்த வியாதியேதான்.

"எறங்கு... மூக்க எறக்குடா... டேய் சனியனே, எறங்குடா!"

நாலு ஸ்பீக்கரும் அலறின. சனியன் இறங்கியது. தட்டு மாதிரி சுழன்று சுழன்று, நேராகக் கேசரி அண்டாவுக்குள்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து மரியாதையாகக் கேட்டார்: "இது கணக்குலயே இருந்துச்சுங்களா?"

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். (மைக்கை அப்போதும் கழற்றவில்லை. அதையும் ஊர் கேட்டது.) மாமா ஒரு தட்டோடு வந்தார். "ஓரத்துல இருக்கறது நல்லாதான் கீது பாப்பா, சாப்புடு."

மறுநாள் முந்திரி ஒட்டிய இறக்கையோடு தேர்வாளர் முன் நின்றேன். "என்னம்மா ஆச்சு?" என்றார். "பேட்டரிய பின்னால தள்ளிட்டேன் சார். என் தப்புதான்." வாழ்க்கையிலேயே நான் கொடுத்த மிகச் சின்ன விளக்கம். பாஸ் போட்டார்.

இன்று விமானங்களின் வால் பகுதியை வடிவமைப்பதே என் பிழைப்பு. ஆனால் அந்த அலறலை யாரோ போனில் பிடித்துக் கொடுக்க, மாமா அதை என் நம்பருக்கு ரிங்டோனாக வைத்திருக்கிறார். போன மாதம் சின்னசேலத்தில் அவர் மகள் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் மாமாவைக் காணோம் என்று பதறிப்போய் போன் போட்டேன். மணவறைக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

"டேய் சனியனே, எறங்குடா!"

தாலியைக் கையில் வாங்கிய மாப்பிள்ளை, மறுபேச்சில்லாமல் எழுந்து மேடையை விட்டு இறங்கிவிட்டார்.