ஊர்காவல் மஹ்றூப்புக்குக் கிடைத்த பத்திரம்

அன்புள்ள முன்ஸிர் மச்சானுக்கு, வவுனியாவிலிருந்து உங்கள் தங்கை சபூறாவின் கணவன் மஹ்றூப் ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் சுகம். புத்தளத்தில் நீங்களும் சுகமாயிருக்கத் துஆச் செய்கிறோம்.

விஷயம் என்னவென்றால், சண்டை முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு, அரசாங்கம் துவக்குக் கொடுத்துக் காவலுக்கு நிறுத்திய பழைய ஊர்காவல்காரரைக் கௌரவிக்கிறோமென்று என்னையும் கூப்பிட்டார்கள். அந்த வேலையை நம்மவர்களே மதித்ததில்லை, தமிழ்ச் சனம் எனக்கு முகம் கொடுத்ததில்லை, உங்களுக்குத் தெரியும். பதினொரு வருடக் காவலில் நான் சுட்டது ஒரேயொரு தடவை. விழுந்தது பக்கத்து வளவு ஐயாத்துரை அண்ணனின் சினைப்பசு. அன்றோடு அவர் என்னோடு கதையில்லை. போகமாட்டேன் என்றேன், உங்கள் தங்கை விடவில்லை. மேடையில் ஒலிவாங்கி செத்துப்போய், என் மாலை முன்னால் நின்றவருக்கு விழுந்து, அதைக் கழற்றி எனக்குப் போட்டு, சிங்களத்தில் ஒரு பத்திரத்தைக் கையில் திணித்து இறக்கிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வந்தால் வீட்டு வாசல் படலையில் ஐயாத்துரை அண்ணன் நிற்கிறார்.

“உனக்குப் பட்டம் குடுத்தவங்களாம். என்ர மாட்டுக்கு என்ன குடுத்தவங்கள்?” என்றார்.

இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அதுதான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். பத்திரத்தில் என்ன இருக்கிறதென்று கேட்டார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. மகள் இஷ்ரா வாசித்துத் தமிழில் சொன்னாள்: பயந்து பயந்தாலும் ஊருக்காக நின்றவன், அவனை நாங்கள் மறக்கவில்லை என்று.

ஐயாத்துரை அண்ணன் குனிந்தபடி இருந்தார். அவருடைய மகன் சண்டையில் மற்றப் பக்கத்தில் நின்று, இரணைமடுக் குளத்துக்கு அங்காலே செத்துப்போனவன். அவன் பெயரை எந்த மேடையிலும் கூப்பிடமாட்டார்கள்.

“பிள்ளை, இன்னொருக்கா வாசியம்மா. என்ர பெடியனுக்கும் எண்டு நினைச்சுக் கேக்கிறன்.”

இஷ்ரா வாசித்தாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
மஹ்றூப்

பி.கு.: எழுதி முடித்தபிறகுதான் இஷ்ரா உண்மையைச் சொன்னாள். பெயர் என்னுடையதுதானாம். பத்திரம் மட்டும் மூன்றுநாள் வீட்டுத்தோட்டப் பயிற்சியை முடித்ததற்காம். கத்தரியும் மிளகாயும்தான் அதில் இருக்கிறதாம். மற்றதெல்லாம் ஐயாத்துரை அண்ணனின் முகத்தைப் பார்த்து அவளே சொன்னது. அவர் நாளைக்கும் கேட்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். இஷ்ராவிடம், சொன்னதை மறந்துவிடுமுன் ஒரு தாளில் எழுதிவைக்கச் சொன்னேன்.